பாக்கெட்டைப் பிரித்துத் தர முடியாது: வாரன் பஃபெட்டின் சிறுவயது வியாபாரங்கள்

1936 வாக்கில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரில், ஆறு வயதுப் பையன் ஒருவன் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போய்ச் சூயிங்கம் விற்றுக்கொண்டிருந்தான். ஒரு பாக்கெட்டில் ஐந்து துண்டு, விலை ஐந்து சென்ட். ஒரு வீட்டுப் பெண்மணி தனக்கு ஒரு துண்டு மட்டும் போதும், ஒரு சென்ட் தருகிறேன் என்றார். பாக்கெட்டைப் பிரித்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டு பையன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். வாரன் பஃபெட் உலகப் பணக்காரர் ஆன பிறகும் அந்தப் பெண்மணியின் பெயர் உட்பட எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதிலேயே எவ்வளவு கறார் பாருங்கள் என்று சிரிப்பதற்காகத்தான் இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. பாக்கெட்டுக்கு அவனுக்கு லாபம் இரண்டு சென்ட். அப்படியானால் அடக்கவிலை மூன்று சென்ட். ஒரு துண்டை விற்றால் கையில் ஒரு சென்ட் வரும், தட்டில் பிரித்த பாக்கெட்டில் நான்கு துண்டு நிற்கும். போட்ட முதலை எடுக்கவே இன்னும் இரண்டு துண்டு விற்றாக வேண்டும். லாபம் இருப்பது கடைசி இரண்டு துண்டில். அந்த நான்கையும் முழுப் பாக்கெட் விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். ஒற்றைத் துண்டு கேட்கிற வீடுகளாகப் பார்த்து இன்னும் பல கதவுகளைத் தட்ட வேண்டும். ஒரு சென்ட் வருமானத்துக்காக, இரண்டு சென்ட் லாபம் நிச்சயமாகத் தரக்கூடிய ஒரு பாக்கெட்டைக் கெடுத்துக்கொள்வதாகத்தான் அது முடியும். அந்த உழைப்புக்கும் ரிஸ்க்குக்கும் அது கட்டுப்படியாகாது என்றுதான் பஃபெட்டும் பின்னாளில் காரணம் சொன்னார்.

நம் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் உடனே ஒரு கேள்வி கேட்பார்: சில்லறையாகப் பிரித்து விற்றுத்தானே நம்மூரில் பெரிய கம்பெனிகளே எழுந்தன? உண்மைதான். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன்தான் சாஷே பாக்கெட்டுக்கு வழி போட்டவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பூவைச் சாஷேயில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். காலி சாஷே ஐந்தைக் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்ற அவருடைய திட்டத்தைப் பழைய கடைக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். ஆனால் சாஷேயில் பாக்கெட்டைப் பிரிப்பது தொழிற்சாலை. சரத்தில் கடைசியாகத் தொங்கும் சாஷேக்கும் முதல் சாஷேக்கும் ஒரே விலை, ஒரே மதிப்பு. கடைக்காரர் கையில் கெட்டுப்போன மிச்சம் என்று எதுவும் நிற்பதில்லை. ஓமஹா பையன் மறுத்தது சின்ன வியாபாரத்தை அல்ல, மிச்சத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், "பாக்கெட்டைப் பிரிக்காதே" என்பதை ஒரு விதியாக எடுத்துக்கொண்டால் நம் பெட்டிக்கடையில் ஒரு வாரம் தாங்காது.

பஃபெட்டின் பிள்ளைப் பருவத்து வியாபாரங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை. சூயிங்கத்தில் தொடங்கி, பதினேழு வயதுக்குள் அவர் கைவைத்தது பத்துக்குக் குறையாது. எல்லாவற்றையும் விற்பனைத் திறமை என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுவது வழக்கம். நான் பார்க்கிற வரையில் அந்தப் பையனிடம் பேச்சுத் திறமை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் அவன் பேச வேண்டிய அளவு குறைந்துகொண்டே போகிறது, வருமானம் ஏறிக்கொண்டே போகிறது. கவனிக்க வேண்டியது அந்தப் போக்கைத்தான்.

பின்னணி

பஃபெட் பிறந்தது 1930 ஆகஸ்ட் 30. பங்குச்சந்தை வீழ்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அப்பா ஹோவர்ட் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். 1931 ஆகஸ்டில் அந்த வங்கி மூடப்பட்டது. வேலையும் போய், அதில் போட்டிருந்த சேமிப்பும் போன நிலையில் அவர் ஒரு சிறிய பங்குத் தரகு நிறுவனம் தொடங்கினார். தாத்தா எர்னஸ்ட்டுக்கு ஓமஹாவின் டண்டீ பகுதியில் பஃபெட் அண்ட் சன் என்ற மளிகைக்கடை இருந்தது. பேரனுக்குச் சூயிங்கமும் கோக்கும் சப்ளை ஆனது அந்தக் கடையிலிருந்து.

அதாவது பையனுக்கு மொத்த வியாபாரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். சுற்றிலும் நடுத்தர வர்க்கத்து வீடுகள், தெரிந்த முகங்கள். சரக்கு விற்காமல் போனாலும் ராத்திரிச் சாப்பாடு நிச்சயம். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இந்தக் கதை சொல்லப்படும்போது இந்தப் பகுதி மட்டும் எப்போதும் விட்டுப்போகும். அதே சமயம், தாத்தா ஒன்றும் சலுகைக்காரர் இல்லை. பின்னாளில் அதே கடையில் வாரன் வேலை பார்த்தபோது பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு டாலர்தான் கொடுத்தார். மூட்டை தூக்குவதும் அலமாரி அடுக்குவதும் வாரனுக்கு அறவே பிடிக்கவில்லை. உடலுழைப்பு நமக்கு ஒத்துவராது என்ற தெளிவு அங்கேதான் வந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு பாடம்தான், யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

கோக்கும் மூடிகளும்

தாத்தா கடையில் ஆறு கோக் பாட்டில் 25 சென்ட். அதை எடுத்துவந்து அக்கம்பக்கத்தில் ஒன்று 5 சென்ட் என்று விற்றான். ஆறு விற்றால் 30 சென்ட், லாபம் 5. போட்ட பணத்துக்கு இருபது சதவீதம். சூயிங்கத்தில் மூன்று சென்ட்டுக்கு இரண்டு சென்ட், அதாவது அறுபது சதவீதத்துக்கும் மேல். ஏட்டுக் கணக்கின்படி சூயிங்கம்தான் நல்ல சரக்கு. ஆனாலும் பையனுக்குக் கோக்தான் பிடித்தது. வெயில்கால ராத்திரியில் கதவைத் திறந்தவருக்குக் கோக்கைப் பற்றி எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பாட்டில் போகும். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் தவறவிடுவது இதை: ஒரு கதவைத் தட்டினால் எத்தனை காசு வருகிறது என்பதுதான் நடந்து விற்பவனுடைய கணக்கு. முதல் போடப் பணம் இல்லாதவனுக்குச் சதவீதம் முக்கியம், நேரம் இல்லாதவனுக்கு ஒரு நடைக்கு எவ்வளவு என்பது முக்கியம். ராத்திரி தூங்குவதற்குள் வீடு திரும்ப வேண்டிய பையனுக்கு நேரம்தான் தட்டுப்பாடு.

அதைவிட எனக்குப் பிடித்தது மூடிக் கணக்கு. பெட்ரோல் பங்க்குகளில் குளிர்பானப் பெட்டி இருக்கும். பாட்டிலைத் திறப்பவர்கள் மூடியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். வாரனும் அவனுடைய நண்பனும் அந்த மூடிகளை அள்ளிக்கொண்டு வந்து பிராண்ட் வாரியாகப் பிரித்து எண்ணினார்கள். எது எவ்வளவு விற்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்கள் யாரையும் கேட்கவில்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், காசு கொடுத்துக் குடித்துவிட்டுப் போட்ட மூடி ஒரே பதிலைத்தான் சொல்லும். இன்றைக்கும் புதிதாக ஜூஸ் கடை போடுகிறவர் செய்யக்கூடிய மலிவான ஆய்வு, எதிர்க்கடைக் குப்பைக்கூடையைச் சாயங்காலம் எட்டிப் பார்ப்பது. பலருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது.

எலுமிச்சைச் சாறு விற்றபோதும் இதே புத்திதான். தன் வீட்டு வாசலில் போடாமல், நடமாட்டம் அதிகமுள்ள நண்பன் வீட்டு முன்னால் கடையைப் போட்டான். அவன் வீட்டுத் தெருவில் கூட்டம் குறைவு. கூவி அழைத்துக் கூட்டத்தை உண்டாக்குவதைவிட, கூட்டம் இருக்கிற இடத்துக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம்.

1989ஆம் ஆண்டு பங்குதாரர் கடிதத்தில் பஃபெட் இந்தக் கோக் வியாபாரத்தைத் தன்னையே கிண்டல் செய்துகொண்டு எழுதினார். 1936இல் விற்கத் தொடங்கியவர், அந்தக் கம்பெனியின் பங்கை வாங்க 52 வருடம் எடுத்துக்கொண்டார் என்பது அதன் சாரம். அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே 1988, 89இல் கோகோ-கோலா பங்குகளில் போட்டது நூறு கோடி டாலருக்குக் கொஞ்சம் அதிகம்.

விழுந்தவை

எல்லாமே தேறவில்லை. எல்ம்வுட் பூங்கா கோல்ஃப் மைதானத்தில் தொலைந்த பந்துகளைப் பொறுக்கி விற்றான். போலீஸ் வந்து துரத்தியது. பிறகு வாஷிங்டனில் பள்ளி மாணவனாக இருந்தபோது, பழைய பந்துகளைப் புதுசு போல ஆக்கித் தருகிற ஒருவரிடம் டஜன் மூன்றரை டாலருக்குக் கொள்முதல் செய்து ஆறு டாலருக்கு விற்றான். பொறுக்குகிற வேலையையே விட்டுவிட்டு, பொறுக்குவதில் தன்னைவிடக் கெட்டிக்காரனிடம் வாங்கிவிட்டான்.

ஓமஹாவில் ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்தது. நண்பனோடு சேர்ந்து எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று டைப் அடித்து, அங்கே விற்றுக்கொண்டிருந்த டிப்ஸ் தாளைவிடக் குறைவாக, 25 சென்ட் விலைக்குக் கொடுத்தான். மைதானத்துக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மற்றத் தாளில் அவர்களுக்குப் பங்கு போய்க்கொண்டிருந்தது, பையன்கள் உரிமமும் வாங்கவில்லை, பங்கும் கொடுக்கவில்லை. சந்தையில் கடை போடுகிறவர்களுக்குத் தெரியும், எந்த இடத்திலும் ஒரு வரி உண்டு, சில சமயம் அது ரசீதில் இருக்காது.

பதினொரு வயதில் பங்குச்சந்தையிலும் கைவைத்தான். 1942இல் சிட்டீஸ் சர்வீஸ் பங்கு தனக்கு மூன்று, அக்கா டோரிஸுக்கு மூன்று என்று 38.25 டாலர் விலையில் வாங்கினான். விலை 27 வரை இறங்கியது. அக்கா தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதை ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தாராம். 40 டாலருக்கு ஏறியதும் விற்றுவிட்டான். பின்னால் அது 200 டாலரைத் தாண்டியது. இதை எல்லோரும் பொறுமைக்கான பாடமாகச் சொல்வார்கள். விற்பனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று: அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருக்கும்போது, அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் நம் முடிவு கெட்டுப்போகும். இது அவர் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது 1956இல் தெரியும்.

பேப்பர் லைன்

1942 நவம்பரில் அப்பா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடும்பம் வாஷிங்டன் பக்கம் குடிபெயர்ந்தது. பையனுக்கு ஊர் பிடிக்கவில்லை, மார்க் குறைந்தது, நண்பர்களோடு ஒருமுறை வீட்டைவிட்டு ஓடிக்கூடப் போனான். படிப்பைச் சரிசெய்யாவிட்டால் பேப்பர் போடுவதை நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தான். வேறு எதற்கும் மசியாத பிள்ளை, பேப்பர் லைன் போய்விடும் என்றதும் மசிந்தது.

காலையில் வாஷிங்டன் போஸ்ட். அதற்குப் போட்டியான டைம்ஸ்-ஹெரால்டும் அவன் கையிலேயே. எப்படி என்று யோசித்துப் பாருங்கள்: போஸ்ட் வேண்டாம் என்று நிறுத்துகிற வீட்டுக்கு அடுத்த நாள் டைம்ஸ்-ஹெரால்டு போட முடியும். பேப்பருக்கு வாடிக்கையாளர் போனார், பையனுக்குப் போகவில்லை. நம்மூரில் ஏஜெண்டுகள் எல்லாப் பேப்பரையும் சேர்த்தே போடுவதால் இது புதுமையாகத் தெரியாது. ஒரு பத்திரிகைக்கு ஒரு பையன் என்று இருந்த ஊரில் இது யோசித்துச் செய்த காரியம்.

அவன் லைன்களில் முக்கியமானது வெஸ்ட்செஸ்டர் என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்களான செனட்டர்கள் ஆறு பேர் அங்கே குடியிருந்தார்கள். தனி வீடுகளாக இருந்தால் ஒவ்வொரு வாசலுக்கும் சைக்கிளை மிதிக்க வேண்டும். இங்கே லிஃப்ட்டில் ஏறி எட்டாவது மாடியில் ஒரு கட்டு, நான்காவது மாடியில் ஒரு கட்டு இறக்கிவிடுவான். அப்புறம் மேலிருந்து கதவு கதவாகப் போட்டுக்கொண்டே இறங்குவான். எடை தூக்கிக்கொண்டு படியேறுவது என்பதே கிடையாது. வசூல் நாளிலும் கதவைத் தட்டவில்லை. வரவேற்பு மேசையில் உறை வைத்துவிடுவான், குடியிருப்பவர்களே பணத்தை அங்கே கொடுத்துவிடுவார்கள். பேப்பர் போடுவதில் பாதி வேலை வசூல் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். "நாளைக்கு வா தம்பி" என்ற சொல்லைக் கேட்டே பல லைன்கள் கைமாறியிருக்கின்றன.

போர்க்கால வாஷிங்டனில் ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்பவர்கள்தான் பேப்பர் பையனுடைய பெரிய நஷ்டம். வாரன் லிஃப்ட் இயக்கும் பெண்களுக்கு ஓசியில் ஒரு பேப்பர் கொடுத்தான். பதிலுக்கு, எந்த வீடு காலியாகப் போகிறது என்ற செய்தி முன்கூட்டியே அவனுக்கு வந்துவிடும். பாக்கியும் வசூலாகும், புதிதாக வருபவரையும் முதலில் பிடிக்கலாம். சென்னையில் தண்ணீர் கேன் போடுகிறவர் வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை நின்று பேசிவிட்டுப் போவதும் இதே காரியத்துக்குத்தான்.

அடுத்தது இன்னும் நுணுக்கம். பேப்பரோடு சேர்த்து வாரப் பத்திரிகைச் சந்தாக்களும் பிடித்துக் கொடுத்தான், அதில் கமிஷன். தபாலில் வரும் பத்திரிகையின் மேல் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டில், சந்தா எப்போது முடிகிறது என்பது ஒரு குறியீடாக அச்சாகியிருக்கும். போருக்காகப் பழைய காகிதம் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாடிக்கையாளர்களிடம் பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்குவான். சீட்டைக் கிழித்துக் குறியீட்டைப் பார்த்து, யாருக்கு எந்த மாதம் சந்தா முடிகிறது என்று அட்டையில் எழுதிவைப்பான். சந்தா முடியப்போகும் சமயத்தில் போய்க் கதவைத் தட்டுவான். பத்திரிகை ஏற்கெனவே படிக்கிறவர், புதுப்பிக்க வேண்டிய நேரம், வாசலில் தெரிந்த பையன். இதில் இனிப் பேச என்ன இருக்கிறது? இன்றைக்கு வண்டி இன்ஷூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஆரம்பிக்கிற போன் அழைப்புகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே அட்டைக் கணக்குதான்.

எனக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. காகிதத்தை ஒரு காரணம் சொல்லி வாங்கிவிட்டு இன்னொன்றுக்குப் பயன்படுத்தினான். யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் கொடுத்தவருக்கு அது தெரியாது. நம் போன் நம்பரைப் பில் போடுவதற்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு விளம்பரம் அனுப்புகிற கடைகள் மேல் நமக்குக் கோபம் வருகிறதே, அந்தக் கோபம் இங்கேயும் கொஞ்சம் நியாயமானதுதான்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 பேப்பர். உச்சத்தில் மாதம் 175 டாலர். தாளுக்கு ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று ஆகிறது. 1944ஆம் ஆண்டுக்கு முதல்முறையாக வருமான வரிக் கணக்கும் கொடுத்தான்: வருமானம் 592 டாலர் 50 சென்ட், வரி 7 டாலர். சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் தொழில் செலவில் சேர்த்திருந்தான். பதினான்கு வயதில், சேர்ந்த பணத்தில் 1,200 டாலர் போட்டு நெப்ராஸ்காவில் 40 ஏக்கர் நிலம் வாங்கிக் குத்தகைக்கு விட்டுவிட்டான்.

முடிதிருத்தகத்து மெஷின்

கடைசி வியாபாரத்தில் விற்பவனே கடையில் இல்லை. பள்ளித் தோழன் ஒருவனுக்கு இயந்திரங்களைப் பிரித்து மாட்டத் தெரியும். இருவரும் சேர்ந்து 25 டாலருக்கு ஒரு பழைய பின்பால் மெஷின், அதாவது காசு போட்டுப் பந்து விளையாடுகிற மெஷின், வாங்கினார்கள். ஒரு முடிதிருத்தகத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். வருமானத்தில் பாதி கடைக்காரருக்கு, அவர் ஒரு காசும் போட வேண்டாம். முதல் நாள் முடிவில் பெட்டியைத் திறந்தால் நான்கு டாலர் இருந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததைக் கவனியுங்கள். முடி வெட்டக் காத்திருப்பவருக்குச் செய்ய வேறு வேலை கிடையாது, சட்டைப்பையில் சில்லறை உண்டு, எழுந்து போகவும் முடியாது. பெரிய கடைத்தெருப் பக்கம் போகாமல் ஒதுக்குப்புறமான சின்னக் கடைகளாகப் பார்த்தார்கள். காசு மெஷின் தொழிலில் அந்தக் காலத்தில் ரவுடிக் கும்பல்கள் உண்டு. பெரிய இடத்தில் வைத்தால் அவர்கள் கண்ணில் படுமோ என்ற பயம். பயத்திலிருந்து வந்ததாக இருந்தாலும் வியாபாரத்துக்கு நல்ல முடிவுதான். போட்டிக்கு யாரும் வராத இடங்கள் அவை.

கம்பெனிக்கு வில்சன் பெயரை வைத்தார்கள். வில்சன் என்று யாரும் கிடையாது. மீசை முளைக்காத இரண்டு பையன்களிடம் கடைக்காரர், புது மாடல் மெஷின் கொண்டுவாருங்கள் என்று கேட்டால், மிஸ்டர் வில்சனிடம் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். பேரம் பேசுகிறவருக்கு எதிரே முடிவெடுக்கும் ஆள் இல்லை என்றால் பேரம் அங்கேயே நின்றுவிடும். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று நம் கடைகளில் தினமும் கேட்கிறோமே, அந்த வித்தைதான். பொய்தான், சந்தேகமில்லை. அதைத் திறமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான் தயாரில்லை. ஆனால் வயதைப் பார்த்து அடித்துப் பேசுகிற பெரியவர்கள் நடுவே பிள்ளைகள் கண்டுபிடிக்கிற தற்காப்பு அது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மெஷின்கள் பெருகின, வாரத்துக்கு 50 டாலர் என்ற அளவுக்கு வந்தது. 1947இல் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகுமுன், போரிலிருந்து திரும்பிய ஒருவருக்கு 1,200 டாலருக்கு வியாபாரத்தையே விற்றுவிட்டார்கள். 25 டாலர் மெஷினில் தொடங்கியது. சரக்கை விற்பது வேறு, ஓடுகிற வியாபாரத்தை விற்பது வேறு என்று பதினாறு வயதில் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வரிசையாகப் பார்த்தால்

சூயிங்கத்தில் ஒவ்வொரு கதவிலும் பேச வேண்டும். கோக்கில் பேச்சு குறைவு. பேப்பரில் ஒருமுறை சம்மதம் வாங்கினால் தினமும் வியாபாரம். மெஷினில் கடைக்காரரிடம் ஒரு பேச்சு, அதற்கப்புறம் வாடிக்கையாளரோடு பேச்சே இல்லை. பேசத் தெரியாததால் இப்படிப் போனானா, போகப் போகப் பேச்சு தேவைப்படவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சில் அவன் கெட்டியில்லை என்பதற்குச் சாட்சி உண்டு. இருபது வயதிலும் பஃபெட்டுக்கு நாலு பேர் முன்னால் எழுந்து பேச நடுங்கும். நியூயார்க்கில் டேல் கார்னகி பேச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்து 100 டாலருக்குக் காசோலை கொடுத்துவிட்டு, அறைக்குத் திரும்பியதும் அதை நிறுத்திவைத்தார். பிறகு ஓமஹாவில் அதே பயிற்சிக்கு, மனம் மாறுவதற்குள் ரொக்கமாகக் கட்டினார். பத்து வருடத்துக்கு மேல் விற்ற அனுபவம் பேச்சுப் பயத்தைப் போக்கவில்லை. கூச்சம் போகும் என்று பிள்ளையைக் கடையில் உட்காரவைக்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கணக்கு வரும், ஆள் அறிகிற புத்தி வரும். கூச்சம் தனி வைத்தியம்.

இன்னொரு பக்கத்தையும் இங்கே வைத்தாக வேண்டும். பஃபெட்டைவிட ஒரு வயது இளையவரான அப்துல் கலாமும் அதே உலகப்போர்க் காலத்தில் பேப்பர் வேலை பார்த்தவர். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது என்று ஆனதும், பேப்பர் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து எறிவார்கள். பேப்பர் விநியோகித்த உறவினருக்கு அந்தக் கட்டுகளைப் பிடித்துக் கொடுப்பது கலாமின் வேலை. போர் சமயத்தில் திடீரென்று கிராக்கி வந்த புளியங்கொட்டையைச் சேகரித்து ஒரு அணாவுக்கு மளிகைக்கடையில் விற்றதையும் அவர் எழுதியிருக்கிறார். ஒரே காலம், ஒரே தொழில். ஒருவர் கையில் இரண்டு பத்திரிகைகளின் லைனும் சொந்தமாகச் சைக்கிளும் இருந்தன, இன்னொருவர் உறவினரிடம் உதவியாளாகக் கூலி பெற்றார். சிறுவயது வியாபாரம் என்று பொதுவாகப் பேசும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. லாபத்தைத் தானே வைத்துக்கொண்டு அடுத்த வியாபாரத்தில் போட முடிகிற பிள்ளைக்குத்தான் அது பயிற்சி. வீட்டு அரிசிக்குப் போகிற காசு என்றால் பரீட்சை செய்து பார்க்க இடமே கிடையாது, டிப்ஸ் தாள் மாதிரி ஒன்றில் தோற்க முடியாது.

நம் நாட்டில் சட்டமும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் வாசலில் நன்னாரி சர்பத் விற்கட்டும், பள்ளிக் கண்காட்சியில் கடை போடட்டும். ஆனால் சரக்கு வாங்கிய காசைக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் எல்லாம் அம்மா செலவு, வந்த காசெல்லாம் பிள்ளையின் லாபம். ஓமஹா தாத்தா கோக்குக்கு 25 சென்ட்டை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

பஃபெட் 1951இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து படிப்பு முடித்து வந்து, அப்பாவின் நிறுவனத்தில் பங்கு விற்பவராகச் சேர்ந்தார். அங்கேதான் பேசிப் பேசி விற்க வேண்டிய வேலை முதன்முதலாக முழுநேரமாக வந்தது. கைக்கோ என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து வைத்திருந்தார், அதன் பங்கை முதலில் அத்தை ஒருவர் வாங்கினார். மற்றவர்களுக்கு அவர் சின்னப் பையனாகத் தெரிந்தார். எது நல்ல பங்கு என்பதைவிட எத்தனை முறை வாங்கி விற்கவைத்தோம் என்பதற்குக் கமிஷன் கிடைப்பதும் அவருக்கு ஒத்துவரவில்லை. 1956 மே மாதம் ஓமஹாவில் உறவினரும் நண்பருமாக ஏழு பேரைச் சேர்த்து ஒரு கூட்டு நிதி தொடங்கினார். அவர்கள் போட்டது 1,05,000 டாலர், அவர் போட்டது 100. பணம் போடுவதும் எடுப்பதும் வருடக் கடைசியில் ஒருமுறைதான். எந்தப் பங்கை வாங்கியிருக்கிறேன் என்று நடுவில் யாரும் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்லமாட்டேன் என்பது ஏற்பாடு.